கற்ற தொழிலும் கிடைக்கும் வேலையும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், பார்வையோ செவிப்புலனோ கைகால் இயக்கமோ குன்றிய இளைஞர் ஒருவர் படிப்பை முடித்தும் வீட்டிலேயே இருப்பதைக் காண்கிறோம். அவருக்குக் கல்வி இல்லாமல் இல்லை, திறமையும் உண்டு. ஆனால் பயிற்சி அளித்தவர் வேலைக்கு வழிகாட்டவில்லை. வேலை தருபவர் அப்பயிற்சியை அறியவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஆண்டுகள் கழிந்து, வயது வரம்பும் கடந்துவிடுகிறது.

இக்குறையைப் போக்கும் பொருட்டே மத்திய அரசினர் 1968-ஆம் ஆண்டில் பம்பாயிலும் ஐதராபாத்திலும் தொழில் மறுவாழ்வு நிலையங்களைத் தொடங்கினர். பின்னர் டில்லி, கல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களிலும் அவை ஏற்பட்டன. மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையங்கள் என்பது அவற்றின் இன்றைய பெயர். வருபவரால் எது இயலாது என்பதோடு நில்லாமல், எது இயலும் என்பதை அங்கே முதலில் ஆராய்கின்றனர். அதற்கேற்ற தொழிற்பயிற்சி அடுத்த படி. வேலை தேடவும் சுயதொழில் தொடங்கவும் துணை நிற்பது மூன்றாம் படி. மூன்றும் ஒரே கூரையின் கீழ் நிகழ்வதே இதன் சிறப்பு.

"சான்றிதழ் நம் ஊரில் வாங்கியதாயிற்றே, இங்கே செல்லுமா?" என்று நம்மவர் ஐயுறுவதுண்டு. 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டப்படி அச்சான்றிதழ் நாடெங்கும் செல்லும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாதிருப்பின், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. அரசுப் பணிகளில் குறைந்தது 4 சதவீத ஒதுக்கீடும் உண்டு. மாநில அரசுகளின் உதவித்தொகைக்கு மட்டும் அந்தந்த மாநில விதிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

மொழியும் பெருந்தடையன்று. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில், இந்திய மொழிகளில் ஒத்த ஒலிகளுக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிகளே அமைந்துள்ளன. தமிழில் பிரெயில் கற்றவர் இந்தி எழுத்துகளை முற்றிலும் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.

ஆகவே, பயிற்சியில் சேருமுன்னரே ஒரு கேள்வி கேட்போமாக: "இதை முடித்தபின் எந்த வேலைக்கு, யார் அனுப்புவார்கள்?" விடை தெளிவாகக் கிடைக்குமிடத்தில் சேர்வதே நலம். சான்றிதழையும் கல்விப் பதிவுகளையும் ஒன்றாக எடுத்துச் செல்வோம். உடன் செல்வோமேயன்றி, அவர் பேசவேண்டியதை நாம் பேசாதிருப்போம்.