அப்பாவுக்குக் கொடுத்த அந்த அரை மாத்திரை

எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தலை மார்பில் தொங்குகிறது. தட்டி எழுப்பினால் கண்ணைத் திறக்கிறார், பேச்சு குழறுகிறது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 88 என்கிறது. கூட வந்த மகனிடம் கேட்டால் முதலில் “ஒண்ணும் கொடுக்கலையே” என்பார். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் உண்மை வெளியே வரும்: “ராத்திரி முழுக்கப் பயந்துகிட்டே இருந்தாரு டாக்டர். அதான், அம்மா போடுற தூக்க மாத்திரையில பாதி…”

மயக்கவியல் மருத்துவராக இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தும் பரிசோதனை நடக்காது. பெரியவர் கண்காணிப்பு அறையில் படுத்திருப்பார்.

அரைதான் கொடுத்தோம் என்பவர்களுக்கு

தூக்க மாத்திரை என்று நீங்கள் கொடுக்கும் அல்பிரசோலம் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை. எப்படியோ வீட்டுக்கு வீடு இருக்கிறது. முப்பது வயதுக்காரர் உடலிலிருந்து அது வெளியேறும் வேகத்தில் முதியவர் உடலிலிருந்து வெளியேறாது. அது உள்ளே இருப்பது தெரியாமல் நாங்கள் மிடசோலம் என்ற மயக்க ஊசியைப் போட்டால் மூச்சு மந்தமாகும். இரவில் ஆள் தெரியாமல் பிதற்றுவது, கழிப்பறைக்குப் போகிற வழியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது எல்லாம் இந்த வகை மாத்திரைகளின் வேலை. கண்புரை அறுவையில் இன்னொரு ஆபத்து உண்டு. அரைத் தூக்கத்தில் இருப்பவர் திடுக்கிட்டு விழித்துத் தலையைத் தூக்குவார். அந்நேரம் கருவி கண்ணுக்குள் இருக்கும்.

மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் ஜாதிக்காய் போட்ட பால் வருகிறது. “நாட்டு மருந்துதானே?” வெறும் வயிற்றோடு வரச் சொன்னது எதற்கு? மயக்கத்தில் அந்தப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு வாய் பிராந்தி கொடுத்து அழைத்து வருகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆசிரியர் இடம் தர மாட்டார்.

பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் முகத்துக்கு நேரே சுவர், சிறுநீர்ப்பைக்குள் குழாய், சர்க்கரைப் புண்ணில் கட்டுப் பிரிக்கும்போது உயிர் போகும் வலி. பயத்தில் ரத்த அழுத்தம் எகிறி, அதனாலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. இங்கேதான் பலரும் சிரித்துக்கொண்டே கேட்கும் ஒரு முறை உதவுகிறது: ஹிப்னாடிசம்.

வசியம் இல்லை, தூக்கமும் இல்லை

அந்தப் பெயரைச் சொன்னதும் சினிமாவில் ஆடும் கடிகாரமும், பேருந்தில் ஆளை மயக்கி வளையலைக் கழற்றிய கதையும்தான் நினைவுக்கு வருகின்றன. “வசியமா? எங்க குடும்பத்துல அதெல்லாம் பழக்கமில்ல தம்பி” என்று என்னிடம் கைகூப்பினார் ஒரு பாட்டி. தமிழில் இதற்கு அறிதுயில் என்று பெயர். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளுக்குச் சொல்லும் சொல். அறிந்துகொண்டே துயில்வது. நினைவு தப்பாது; கேட்டால் பதில் சொல்வார், தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்பார். கவனம் மட்டும் வேறிடத்தில் இருக்கும்.

எப்படிச் செய்கிறோம்? மூச்சை நிதானமாக்கி, கண்ணை மூடச் சொல்லி, அவருக்குப் பிடித்த இடத்துக்கு அவரையே போகச் சொல்கிறோம். கால் புண்ணோடு வந்த ஒரு விவசாயி மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். எந்த வரப்பு உடைந்திருக்கிறது, எந்தப் பாத்திக்கு இன்னும் ஏறவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே செவிலியர் கட்டுப் பிரித்து, கழுவி, புதுக் கட்டும் போட்டுவிட்டார். கடற்கரையில் உலாவுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தால் பலித்திருக்காது.

“ரகசியத்தை உளறிவிடுவேன்”, “கையெழுத்து வாங்கிவிடுவார்கள்” என்ற பயம் சொத்து வைத்திருப்பவர்களுக்கு அதிகம். விருப்பமில்லாததைச் செய்ய வைக்கும் சக்தி இதற்கு இல்லை. வேண்டாமென்றால் கண்ணைத் திறந்துவிடலாம்.

“இந்த வயசுல மனசு எங்கே கட்டுப்படும்?” என்பது அடுத்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது சோதிக்கப்பட்டவர்களையே 25 ஆண்டு கழித்துச் சோதித்தார்கள்; அறிதுயிலில் ஆழும் திறன் பெரிதாக மாறவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் பேச்சின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இது நேற்று முளைத்ததும் அல்ல. மயக்க மருந்து உலகுக்குத் தெரிய வருவதற்கு முந்தைய ஆண்டு, 1845இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதன் மூதாதையான மெஸ்மரிசத்தை வைத்தே அறுவை செய்தார். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மயக்கவியல் மருத்துவர் ஃபேமோன்வில் 1992 முதல் தைராய்டு அறுவை உட்படப் பலவற்றுக்கும் மரத்துப்போகும் ஊசியோடும் குறைந்த மருந்தோடும் இதைச் சேர்த்துப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் எல்விரா லாங் குழு 241 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2000இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ரத்தக்குழாய், சிறுநீரகம் தொடர்பான சிகிச்சைகள் அவை. அறிதுயில் பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. வழக்கமாக 78 நிமிடம் பிடித்த வேலை 61 நிமிடத்தில் முடிந்தது.

எதிர்த்திசை மூடநம்பிக்கையும் உண்டு: “அப்போ ஊசியே வேண்டாமா?” வேண்டும். மரத்துப்போகும் ஊசியைப் போட்டுத்தான் செய்வோம். இது பக்கத்துணை. எல்லோருக்கும் ஒரே அளவில் பலிப்பதும் இல்லை.

யாருக்கு ஒத்துவராது?

மறதிநோய் முற்றியவர்கள், மனக்குழப்பத்தில் இருப்பவர்கள், இல்லாத குரல் கேட்கும் மனநோய் உள்ளவர்கள். நினைவாற்றலையும் காதையும் சோதித்துவிட்டுத்தான் தொடங்குவோம். காது மெஷினை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். இந்தச் சிகிச்சை முழுக்கக் காது வழியாகத்தான் போகிறது. விளம்பரப் பலகை மாட்டிய யாரோ ஒருவரிடம் போகவும் வேண்டாம். பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலரோ உங்கள் சிகிச்சைக் குழுவுக்குள் இருந்து செய்ய வேண்டும்.

தயவுசெய்து பயமுறுத்தாதீர்கள்

அறிதுயில் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார், தெரியும். ஆனால் கெடுக்காமல் இருக்கலாமே! ஊசி ஏறுமுன் “இப்ப வலிக்கும்” என்று எச்சரித்தால் வலியும் பதற்றமும் கூடுவதை அதே லாங் குழு 2005இல் காட்டியது. இதில் எங்கள் ஆட்களும் குற்றவாளிகள்தான். வீட்டில் என்ன பேசுகிறீர்கள்? “எதிர்வீட்டுக்காரர் இதுக்குப் போயித்தான் திரும்பி வரல” என்பதை முதல் நாள் இரவுதானா சொல்ல வேண்டும்? அதற்குப் பதிலாக என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களிடம் கேட்டுப்போய் அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அடக்காதீர்கள். அதை முன்பே எங்களிடம் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தினமும் தூக்க மாத்திரை போடுகிறவராக இருந்தால் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது. அதுவும் ஆபத்து, கேட்டுச் செய்யுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? மாத்திரையின் பெயர், அளவு, கொடுத்த நேரம், மூன்றையும் அறைக்குள் போகும் முன் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் திட்டுவேன். அப்பா பத்திரமாக வீடு திரும்புவார்.