கோப்பிக்காக வந்த கோச்சி



அலவத்துகொடையில் ரயில் நிலையம் இல்லை. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதை கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி வத்தேகம, உக்குவளை வழியாகப் போய்விடுகிறது. அக்குறணைக்கும் அலவத்துகொடைக்கும் கிடைத்தது வீதி மட்டுமே. ஆயினும், நம் முன்னோர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டதில் நீராவிப் புகையிரதத்துக்குப் பெரும் பங்குண்டு.

தவளம் போன காலம்

கண்டி மன்னர் ஆட்சியில் சுமை ஏற்றும் பணிக்கென 'மடிகே' என்றொரு பிரிவு இருந்தது. மலைநாட்டு முஸ்லிம்கள் பலர் அதில் சேவை புரிந்தனர். கரையோரத்து உப்பும் கருவாடும் துணியும் பொதிமாடுகளின் முதுகில் மேலே வந்தன. பாக்கும் மிளகும் கீழே இறங்கின. இந்தப் பொதிமாட்டுக் கூட்டத்தையே தவளம் என்றார்கள்.

சூரா அந்நஹ்லில் அல்லாஹ் சுமை சுமக்கும் கால்நடைகளைத் தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். மனிதர் அறியாதவற்றையும் தான் படைப்பதாக அடுத்தே கூறுகிறான். பிற்கால வாகனங்களும் இதில் அடங்கும் என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம்.

மலையேறிய இரும்புப் பாதை

இங்கிலாந்தில் 1825இல் திறக்கப்பட்ட ஸ்டொக்டன் - டார்லிங்டன் பாதையின் முதல் நோக்கம் நிலக்கரி ஏற்றுவது. இலங்கையில் நோக்கம் கோப்பி. மலைநாட்டுக் கோப்பியை மாட்டு வண்டிகளில் கொழும்புக்கு இறக்க நாட்கணக்காயிற்று. மழைக்காலத்தில் இன்னும் தாமதம். எனவே தோட்டத் துரைமார் ரயில் கேட்டனர். 1858இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் வேலையைத் தொடக்கி வைத்தார். 1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது.

றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 20 கிலோமீற்றர் ஒரே ஏற்றம். 45 அடி முன்னே சென்றால் ஓரடி உயரும் சரிவு. பாறையைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி இதை அமைத்த தொழிலாளர் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். ஜன்னலோரம் அமர்ந்து அலகல்ல மலையழகை ரசிக்கும் நாம் அந்தப் பெயர் தெரியாத மனிதர்களையும் நினைக்க வேண்டாமா?

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். கோப்பி மூட்டை ரயிலில் போன அந்நாட்களில், அதைப் பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைகள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே உயிர் விட்டோரும் உண்டு. மூட்டைக்குக் கிடைத்த வசதி மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

மனிதன் போட்ட கணக்கு

ரயில் கண்டிக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலையில் நோய் கண்டது. 1880இல் பாதை மாத்தளையை எட்டியபோது கோப்பித் தொழில் சரிந்து கொண்டிருந்தது. எந்தப் பயிருக்காகப் பாதை போட்டார்களோ அந்தப் பயிர் அழிந்தது, பாதை நிலைத்தது. பின்னர் தேயிலை ஏறியது. சாதாரண மக்களும் ஏறினார்கள். மருத்துவமனைக்கும் பாடசாலைக்கும் உறவினர் வீட்டுக்கும் கோச்சியில் போனார்கள். மனிதன் ஒரு கணக்குப் போடுகிறான். இறைவனின் கணக்கு வேறாக இருக்கிறது!

தவளமோ மெல்ல மறைந்தது. முதலில் வண்டிப் பாதைகளும் பின்பு ரயிலும் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் வேலை முற்றாக அற்றுப் போகவில்லை. தோட்டத்திலிருந்து நிலையம் வரை சுமை கொண்டுவர வண்டி தேவைப்பட்டது. நகரங்கள் வளர வளரக் கடைகளும் தேவைப்பட்டன. மாற்றத்தைப் பார்த்துப் புலம்பிக் கொண்டிராமல் புதிய வழியைத் தேடியவர்களுக்குப் பிழைப்பு இருந்தது.

நீராவி இயந்திரத்தின் இடத்தை 1950களிலிருந்து டீசல் பிடித்தது. இன்று கணினி வந்து பலரின் வேலையைப் பறிக்கிறது. பலருக்கு வேலை கொடுக்கிறது. பெற்றோரே! பிள்ளைகளுக்குப் புதிய கருவிகளைக் கற்றுக் கொடுங்கள். கூடவே ஒரு கேள்வியையும் கற்றுக் கொடுங்கள்: 'இதனால் மனிதனுக்கு என்ன நன்மை? இதற்காகச் சிரமப்படுபவன் யார்?' மக்களுக்குப் பயன் தருபவரே மக்களுள் சிறந்தவர் என்பது நம் நபி (ஸல்) அவர்களின் போதனையல்லவா?

பயனுள்ள அறிவையும் பிறர் சிரமத்தை உணரும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.