வலைக்குள் மூச்சுக்கு ஒரு வழி

டால்பின், திமிங்கிலம், கடற்பசு ஆகியவை கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழ்ந்தாலும் நம்மைப் போலக் காற்றைச் சுவாசிக்கும் பிராணிகள் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். ஆயினும் மனிதன் மீனுக்காக விரித்த வலை அவற்றின் உயிரைக் குடிப்பதற்கு அந்த ஒரே இயல்புதான் காரணம் என்பதை நம்மில் பலர் சிந்தித்ததில்லை. செவுளுள்ள மீன், வலையில் சிக்கினாலும் நீருக்குள்ளேயே சற்று நேரம் உயிரோடிருக்கும். டால்பினோ, மேலே வந்து மூச்சு வாங்க வழியின்றிச் சில நிமிஷங்களில் இறந்துபோகிறது. இந்தச் சாவினால் மீனவனுக்கு யாதொரு லாபமுமில்லை. கிழிந்த வலையும் வீணான பொழுதுந்தான் அவனுக்கு மிஞ்சுகின்றன.

இதைத் தடுக்க உபாயம் உண்டா என்று கேட்போருக்குக் கிழக்குப் பசிபிக் சமுத்திரத்தின் அனுபவத்தையே நான் விடையாகச் சொல்வேன். மெக்ஸிகோவிலிருந்து பெரு வரையில் பரந்த அந்த வெப்பக் கடலில், புள்ளி டால்பின்களும் சுழல் டால்பின்களும் கூட்டமாகச் செல்லும்போது, அவற்றின் கீழே பெரிய மஞ்சள்துடுப்புச் சூரைகள் சேர்ந்தே நீந்துகின்றன. ஆழத்திலுள்ள சூரை கண்ணுக்குப் புலப்படாது. மூச்சு வாங்க மேலே வரும் டால்பினோ தூரத்திலிருந்தே தெரியும். தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரை பிடித்துவந்த அமெரிக்கக் கப்பல்கள், 1950களின் பிற்பகுதியில், நைலான் வலையும் அதை இழுத்தெடுக்கும் இயந்திரக் கப்பியும் கிடைத்தவுடன் சுருக்குவலைக்கு மாறின. விரைவுப் படகுகளால் டால்பின் கூட்டத்தைத் துரத்தி ஓரிடத்தில் வளைத்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வலையைச் சுற்றிலும் இறக்கி, அடிக்கயிற்றைச் சுருக்கிவிட்டால், கீழே இருந்த சூரை முழுவதும் அகப்பட்டுவிடும். மேலே இருந்த டால்பின்களும் அகப்பட்டுவிடும். எவ்வளவோ உயரம் துள்ளவல்ல அப்பிராணிகள், வலையின் மிதவை வரிசையைத் தாண்டிக் குதிப்பதில்லை என்பது பரிதாபமான விசித்திரம். பீதியுற்று, வலையின் மடிப்புகளில் சிக்கி, ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் அவை இறந்தன. அம்மீன்பிடிப்பு தொடங்கிய நாள் முதல் மாண்டவை 60 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் கண்டவர்கள் யார் என்று பார்த்தால், முதலில் நிற்பவர்கள் அந்தக் கப்பல்களை ஓட்டிய மீகாமன்களேயாவர். வலையில் பெரும்பகுதியை இழுத்தெடுத்த பின் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தினால், நீரில் எஞ்சிய வலை ஒரு வாய்க்கால் போல நீண்டு, அதன் எதிர்க்கோடியிலுள்ள மிதவை விளிம்பு நீரின் இழுப்பினால் மேற்பரப்புக்குக் கீழே அமிழ்ந்துவிடும். அவ்வாறு அமிழ்ந்த விளிம்பின் மேலாக டால்பின்கள் வெளியேற, ஆழத்தில் சுற்றும் சூரை உள்ளேயே தங்கிவிடும். இந்த அரிய உபாயம் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கண்டறியப்பட்டது. எனினும், வெளியேறும் அம்மூலையிலேயே டால்பின்களின் அலகும் துடுப்பும் பெரிய வலைக்கண்களில் மாட்டிக்கொண்டன. ஹெரால்டு மெடினா என்ற மீகாமன் 1971-இல், அந்த இடத்தில் மட்டும் சிறு கண்ணுள்ள வலைத்துண்டைச் சேர்த்துப் பின்னி அக்குறையையும் பெரிதும் போக்கினார். அத்துண்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வெளியேறத் தெரியாமல் தயங்கும் டால்பின்களை, ரப்பர்த் தெப்பத்தில் இருந்தபடியும் நீரில் குதித்தும் கையால் தள்ளிவிடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் உபாயம் கைவசம் இருப்பது வேறு, ஒவ்வொரு முறையும் அதைச் சிரத்தையோடு கையாளுவது வேறு. அமெரிக்காவில் கடற்பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் 1972-இல் பிறந்து, அந்நாட்டுக் கப்பல்களில் சாவு குறைந்ததெனினும், பிற நாட்டுக் கப்பல்கள் பெருகியதால், 1986-இல் மட்டும் 1,30,000-க்கு மேற்பட்ட டால்பின்கள் இறந்தன. சாம் லபூடி என்ற இளைஞர், பனாமாக் கப்பலொன்றில் வேலையாளாகச் சேர்ந்து, வலையில் டால்பின்கள் சாவதை எடுத்த படம் 1988-இல் வெளியாகி மக்களை உலுக்கியது. 1992-இல் சம்பந்தப்பட்ட நாடுகள் லா ஹோயாவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு பார்வையாளர் இருக்க வேண்டும். கப்பல் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சாவு வரம்பு உண்டு. அவ்வரம்பைத் தொட்ட கப்பல் அந்த ஆண்டில் மறுபடி டால்பின் கூட்டத்தைச் சுற்றி வலையிடலாகாது. இந்த ஏற்பாட்டையே நான் எல்லாவற்றினும் மேலாகக் கருதுகிறேன். ஏனெனில் பொதுவில் எல்லோருடையதுமாக இருந்த குற்றம், இதனால் ஒவ்வொரு மீகாமனுடைய சொந்தக் கணக்காயிற்று. 1993-இல் இறந்தவை சுமார் 3,600. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னே அத்தொகை 2,000-க்கும் கீழே இறங்கியது. இருந்தும், துரத்தலின்போது தாயும் கன்றும் பிரிந்துபோவதனாலோ வேறு காரணத்தாலோ, அவ்வினங்கள் எதிர்பார்த்த வேகத்தில் பெருகவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

சுருக்குவலையில் கப்பலும் ஆட்களும் அருகிலேயே இருக்கிறார்கள். ஆகவே உயிரைக் காக்கச் சமயம் வாய்க்கிறது. இரவு முழுவதும் ஆளின்றி நீரில் நிற்கும் செவுள் வலையில் அது எவ்வாறு வாய்க்கும்? அமெரிக்காவின் மெயின் வளைகுடாவில் 1994-இல், வலையோடு சிறு ஒலிக்கருவிகளைக் கட்டிச் சோதித்தபோது, டால்பினுக்கு உறவான போர்பாய்ஸ், ஒலியில்லாத வலைகளில் 25-ம், ஒலியுள்ள வலைகளில் 2-மே சிக்கின. கடற்பசுவுக்கோ இந்த உபாயம் பயன்படக் காணோம். ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது அவை அவ்வொலியைப் பொருட்படுத்தவில்லை.

நம் பாக் விரிகுடாவில் மேய்வது அந்தக் கடற்பசுவேதான். மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே கன்றை ஈனும் அப்பிராணிக்குக் கன்றுகளைவிட வளர்ந்த பசுக்களின் சாவே பேரிழப்பாகும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது மெச்சத்தக்கதே. ஆயினும், சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிப்பவன் பல வேளை தன் வலையைத் தானே அறுக்கிறான். அத்தகையோருக்கு அரசு வெகுமதி அளித்துவருகிறது. அது அறுந்த வலையின் விலைக்குக் குறையாமல், அடுத்து அவன் கடலுக்குப் போகுமுன்னே அவன் கைக்குச் சேருமாறு செய்ய வேண்டுமென்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களும் இக்கோரிக்கைக்குத் துணைநிற்க வேண்டும்.