நோட்டீஸின் அடியில் இருக்கும் சின்ன எழுத்து

தேர்தல் நேரத்தில் அம்பத்தூர், ஆவடி பக்கம் கையில் திணிக்கிற நோட்டீஸை நான் கீழிருந்துதான் படிப்பேன். அச்சகம் எது, வெளியிட்டவர் யார்னு போட்டிருக்கா? மேலே இருக்கிற வாக்குறுதியைவிட எனக்கு முக்கியமானது அந்த வரிதான்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 127ஏ பிரிவு 1961-இல் சேர்க்கப்பட்டது. தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் யார் என்று கையெழுத்திட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சான்று போட்டு, இரண்டு பிரதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். கையால் எழுதிப் பிரதி எடுப்பது தவிர எல்லாமே 'அச்சு'தான். ஆகவே ஜெராக்ஸ் போட்டாலும் தப்ப முடியாது. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லும் நோட்டீஸுக்கு விலக்கு உண்டு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அச்சகம் அந்த உறுதிமொழியின் ஒரு பிரதியையும் நோட்டீஸின் ஒரு பிரதியையும் அனுப்ப வேண்டும். எங்கே? மாநிலத் தலைநகரில் அச்சடித்தால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. வேறு ஊரில் என்றால் அந்த மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது கலெக்டருக்கு. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியிலும் 2018-இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஒரே சி.டி.எச். ரோடுதான், ஆனால் அச்சகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப அலுவலகம் மாறும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? இரண்டு காரணம். ஒன்று, செலவுக் கணக்கு. சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் உச்சவரம்பு 40 லட்சம். யார் அடித்தது என்றே தெரியாத போஸ்டரை யார் கணக்கில் எழுதுவது? இரண்டாவது, அவதூறு. வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி வேட்பாளரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பொய் எழுதி வீடு வீடாகப் போட்டால், அது 123(4) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகலாம். ஜெயித்த வேட்பாளரின் வெற்றியே செல்லாமல் போகலாம். ஆனால் அதற்கு, போட்டவர் யார்னு நிரூபிக்கணும். பெயரில்லாத தாளை வைத்துக்கொண்டு கோர்ட்டில் என்ன செய்வது?

டிவி விளம்பரத்துக்கு 2004-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் முன்சான்று கட்டாயமானது. 2013-இல் தேர்தல் ஆணையம் சமூக ஊடக விளம்பரத்தையும் அதில் சேர்த்தது. ஆனால் வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு அடிவரியும் இல்லை, அச்சகமும் இல்லை. 1961-இன் சட்டம் அங்கே கை எட்டாமல் நிற்கிறது.

தாளுக்காவது வழி இருக்கு. பெயரில்லாத நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீங்க. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப்பைத் திறந்து, அதிலேயே படம் எடுத்து அனுப்புங்க. கேலரியில் இருக்கிற பழைய படத்தை அது ஏற்காது.