ஒன்றுகூடித் தைத்த போர்வைகள்

பழைய சேலைகளை நாலாக மடித்து, ஓரம் தைத்து, குழந்தையைக் கிடத்துவதற்கு விரிப்பாக்குவது எமது பெண்களுக்குப் பழக்கமான வேலை. இதே வேலையை இன்னும் பல படிகள் முன்னே கொண்டுசென்ற ஒரு கிராமத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்ற மாநிலம் உண்டு. அங்கு அலபாமா ஆறு குதிரை லாடம்போல் வளைந்து ஓடும் ஓரிடத்தில், மூன்று பக்கமும் நீர் சூழ, ஜீஸ் பென்ட் என்ற கிராமம் இருக்கின்றது. அங்கு வாழ்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர்களுடைய முன்னோர் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்தவர்கள். இக்கிராமத்துப் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைகள் இன்று உலகம் அறிந்தவை. ஆங்கிலத்தில் இதனைக் 'குவில்ற்' என்பார்கள்.

ஒட்டுப்போர்வை எவ்வாறு தைக்கப்படுகின்றது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதற்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேல் அடுக்கு, கந்தல் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தது. கீழ் அடுக்கு ஒரு முழுத் துணி. ஜீஸ் பென்டில் இதற்கு மாப் பைகளையும் உரப் பைகளையும் பிரித்துப் பயன்படுத்தினார்கள். அந்நாட்களில் அப்பைகள் பருத்தித் துணியால் ஆனவை. இவை இரண்டுக்கும் நடுவில் பஞ்சு. பருத்தி அரவை நிலையத்தின் தரையில் சிந்திக் கிடப்பதைக் கூட்டி அள்ளிவந்து, தடியால் அடித்து, மென்மையாக்கிப் பரப்புவார்கள். மூன்றையும் அப்படியே விட்டால் முதல் தடவை துவைத்ததும் பஞ்சு எல்லாம் ஒரு மூலையில் திரண்டுவிடும். ஆகவே மூன்று அடுக்கையும் ஊடுருவி நெருக்கமாக நூலோட வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கடினமானது.

மேல் அடுக்கை ஒருத்தி தனியாகவே தைப்பாள். மாரிகாலத்தில், வயல் வேலை குறைந்த நேரத்தில், தன் வீட்டில், தன் விருப்பப்படி. எந்தத் துண்டுக்கு அருகில் எந்தத் துண்டு என்பதை அவளே தீர்மானிப்பாள். நடுவில் ஒரு சதுரத்தை வைத்து, அதைச் சுற்றி நீண்ட துண்டுகளை அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டு போவது அவ்வூரில் பலருக்கும் விருப்பமான முறை. அதற்கு 'வீட்டுக்கூரை' என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. முறை ஒன்றாயினும் இருவர் தைத்த கூரைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அயலவள் தைத்ததைப் பார்ப்பார்கள், மெச்சுவார்கள். ஆனால் அதை அப்படியே பார்த்துச் செய்வது பெருமையான காரியமாகக் கருதப்படவில்லை.

நூலோடும் வேலைக்கு ஒருத்தி போதாது. நாலு மரச் சட்டங்களை இணைத்து, அதில் போர்வையை இறுக்கி விரித்து, வீட்டு வளையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுவார்கள். இரவில் கயிற்றை இழுத்து மேலே ஏற்றிவிட்டால் கீழே படுக்க இடம் கிடைக்கும். பகலில் இறக்கி, நாலு பக்கமும் கதிரை போட்டு அமர்வார்கள். ஒருவருடைய கை எட்டும் தூரம் ஒரு முழத்திற்கு மேல் இல்லை. தனியே தைப்பவள் ஒரு பக்கம் முடித்து எழுந்து மறு பக்கம் போக வேண்டும். நாலு பேர் அமர்ந்தால் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் உள்நோக்கி நகரும். எட்டிய அளவு தைத்து முடிந்ததும் சட்டத்தைச் சுருட்டி மிகுதியைத் தைப்பார்கள். இன்று உன் வீட்டில் உன் போர்வை, நாளை என் வீட்டில் என் போர்வை. எமது ஊர்களில் நாற்று நடவிற்கும் கூரை வேய்வதற்கும் ஒருவர்க்கொருவர் கைமாறாகப் போவது போன்றதுதான் இதுவும்.

இவ்வாறு சுற்றி அமர்ந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்பது பலராலும் பதிவு செய்யப்பட்டிருக்கின்றது. பாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடும் ஞானப்பாட்டுகளையே இங்கும் பாடினார்கள். செபித்தார்கள். யாருக்குச் சுகமில்லை, யாருடைய மகன் வடக்கே நகரத்திற்கு வேலை தேடிப் போனான், யார் வீட்டில் மா முடிந்துவிட்டது என்ற செய்திகள் எல்லாம் இந்தச் சட்டத்தைச் சுற்றியே பரிமாறப்பட்டன. சிறு பிள்ளைகள் போர்வைக்குக் கீழே அமர்ந்து ஊசிகளில் நூல் கோத்துக் கொடுப்பார்கள். மேலே ஊசிகள் இறங்கி ஏறுவதைக் கீழிருந்து பார்த்தே அவர்களும் தையல் பழகினார்கள். ஒருத்தியின் தையல் நெருக்கமாகவும் இன்னொருத்தியின் தையல் சற்று எட்டியும் இருக்கும். பழைய போர்வை ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் ஒரு கை எங்கே முடிந்து அடுத்த கை எங்கே தொடங்கியது என்று காணலாம். குறையென்று யாரும் அதைப் பிரித்ததில்லை.

இவர்கள் பொழுதுபோக்கிற்காகத் தைத்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வூரில் பெற்வே என்ற குடும்பப்பெயர் மிகப் பலருக்கு உண்டு. 1840களில் தோட்டத்தை வாங்கிய முதலாளியின் பெயர் அது. அவர் தன் அடிமைகள் சுமார் நூறு பேரை வட கரோலினாவிலிருந்து நடத்தியே கொண்டுவந்தார். 1865இல் அடிமை முறை ஒழிந்த பின்னரும் அவர்களின் சந்ததியார் அதே நிலத்தில் வாரக்குடிகளாக இருந்தார்கள். விதைக்கும் உணவுக்கும் கடையில் கடன் வாங்கி, பருத்தி அறுவடையில் திருப்பிக் கொடுப்பார்கள். பருத்தி விலை விழுந்தது. கடன் ஏறியது. கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்தபின், 1932இல், அறுபதளவான குடும்பங்களின் மாடுகள், கலப்பைகள், வண்டிகள், சேமித்த சோளம், விதை எல்லாவற்றையும் கடனுக்காக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவே பலரை உயிரோடு வைத்திருந்தது. மரக்குற்றிகளால் ஆன வீடுகளின் இடைவெளிகளுக்குள் குளிர்காற்று புகாமல் பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். 1937இல் அரச புகைப்படக்காரர் எடுத்த படங்களில் அந்தச் சுவர்களைக் காணலாம். அவ்வீடுகளில் ஒரு போர்வை போதாது. ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து வேண்டும். பின்னர் மத்திய அரசு அந்நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, மக்களுக்கே தவணை முறையில் விற்றது. அயற்கிராமங்களிலுள்ள பலருக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அந்த வேறுபாடு பின்னர் பெரிதாகத் தெரியவந்தது.

மிசூரி பெற்வே என்ற தாய் 1942இல் தைத்த போர்வை ஒன்று இப்போது வாஷிங்டனிலுள்ள தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கின்றது. கணவர் நோயுற்று இறந்ததும், அவர் வயலுக்கு அணிந்த சட்டைகளையும் காற்சட்டைகளையும் மகளின் உதவியோடு கிழித்து அதைத் தைத்தார். வெயிலில் வெளிறிய நீலமும் சாம்பலும் அப்படியே தெரிகின்றன. அந்த உடைகளை மூட்டை கட்டி வைப்பதைவிட அவற்றைப் போர்த்துக்கொண்டு படுப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

1960களில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதியப் புறப்பட்டார்கள். ஆற்றுக்கு அப்பால் உள்ள காம்டன் நகரில்தான் பதிவு அலுவலகம். எம்மவர் 'பாதை' என்று சொல்லும் மிதவை அங்கு கடந்து செல்ல இருந்தது. 1962இல் அதை நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்கு முன் தெரியும் கரைக்குப் போக ஏறக்குறைய 40 மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. 1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். சொந்த நிலம் இருந்தவர்கள் துணிந்து போனார்கள். அயலில் வாரக்குடிகளாக இருந்தவர்களோ, பதியப் போன குற்றத்திற்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள்.

அவ்வாறு பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களை எடுத்துக்கொண்டு திரிந்தவர் பிரான்சிஸ் வோல்ற்றர் என்ற எப்பிஸ்கோப்பல் திருச்சபைக் குருவானவர். 1965 டிசம்பரில் ஒருநாள் ஒரு வீட்டுக் கொடியில் மூன்று போர்வைகள் காய்வதைக் கண்டு வாகனத்தை நிறுத்தினார். வெள்ளையர் ஒருவர் இறங்கி வருவதைக் கண்ட வீட்டுக்காரப் பெண் காட்டுக்குள் ஓடிவிட்டார். அந்த ஓட்டத்திலேயே அக்காலத்தின் நிலை முழுவதும் விளங்கும். பின்னர் அவர் வீடுவீடாகச் சென்று, ஒரு போர்வைக்குப் பத்து டொலர் கொடுத்துச் சேகரித்து, நியூயோர்க்கில் ஏலத்தில் விற்க ஒழுங்கு செய்தார். 1966 மார்ச்சில் 'விடுதலைத் தையல் கூட்டம்' என்று பொருள்படும் பெயரில் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. எஸ்ரெல் விதர்ஸ்பூன் என்ற பெண்மணி நீண்ட காலம் அதன் முகாமையாளராக இருந்தார். சங்கம் 23 ஏக்கர் காணி வாங்கியது. அதில் ஒரு பகுதியை, துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு வீடு கட்ட விற்றது. 1969இல் தையல் நிலையம் கட்டியது. பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றையும் தொடங்கியது. பல பெண்கள் முதன்முதலாகத் தம் பெயரில் சம்பளம் பெற்றார்கள்.

இங்கே எமக்கு ஓர் எண்ணம். கிராமத்துப் பெண்களுக்கான தையல் திட்டங்கள் பலவற்றில் முதலில் வருவது இயந்திரம். அடுத்து ஆசிரியை. அதன்பின் சங்கத் தலைவியும் செயலாளரும் தெரிவாகிறார்கள். நிதி முடிந்ததும் இயந்திரங்கள் உறையால் மூடப்பட்டு ஒரு மூலைக்குப் போய்விடுகின்றன. ஜீஸ் பென்டிலும் அயலிலும் வேலை மறுபக்கமாக நடந்தது. குருவானவர் வருவதற்கு முன்பே ஒருவர் வீட்டில் ஒருவர் அமர்ந்து நூலோடிய பல ஆண்டுகள் இருந்தன. யார் சொல்லை நம்பலாம், யார் முன்கோபி, யாரைப் பேசவிட்டால் சண்டை தீரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் கொண்டுவந்தது சந்தையை மட்டுமே. சங்கத்தை அவர் கொண்டுவரவில்லை.

அந்தச் சந்தை தன் நிபந்தனைகளோடு வந்தது. நியூயோர்க்கின் பெருங்கடைகள் ஒரே மாதிரியான போர்வைகளைக் கேட்டன. பட்டியலில் உள்ள படத்தைப் போலவே அளவும் நிறமும் தையலின் நெருக்கமும் அமைய வேண்டும். தன் விருப்பப்படி துண்டு சேர்த்துப் பழகிய பெண்களுக்கு இது எளிதாக இருக்கவில்லை. ஜீஸ் பென்டைச் சேர்ந்த சிலர் சங்கத்தில் நிலைக்காமல் வீட்டுத் தையலுக்கே திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் தயாரில்லை. நிலைத்தவர்களையும் அப்படியே. துணி துவைக்கும் இயந்திரமும் பிள்ளைக்குச் சப்பாத்தும் அந்த ஒரேமாதிரி வேலையின் சம்பளத்தில்தான் வந்தன.

1972இல் சியர்ஸ் என்ற பெரிய வியாபார நிறுவனம் கோடுரோய் என்ற வரித்துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலையைச் சங்கத்திற்குக் கொடுத்தது. ஒன்றுபோல் மற்றொன்று இருக்க வேண்டிய, யோசிக்க இடமில்லாத வேலை அது. ஆனால் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் மலைபோல் குவிந்தன. பச்சை, பொன்மஞ்சள், செம்மண் நிறம், கபிலம். பெண்கள் அவற்றை வீட்டிற்குக் கொண்டுபோனார்கள், அயலாருக்கும் பகிர்ந்தார்கள். பகலில் உறை தைத்த கைகள் இரவில் அதே துணியில், யாருடைய பட்டியலிலும் இல்லாத போர்வைகளைத் தைத்தன. அவ்வூர்ப் போர்வைகளுள் எமக்கு மிகவும் பிடித்தவை இந்தக் கோடுரோய்ப் போர்வைகளே. வரிகள் ஒரு துண்டில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் ஓடுவதால் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும்.

1990களில் சங்கம் நலிந்தது. மூத்தவர்கள் மறைந்தார்கள், இளையவர்கள் நகரங்களுக்குப் போனார்கள். 2012இல் அது முறைப்படி மூடப்பட்டது. ஆனால் வீட்டுப் போர்வைகளின் கதை அப்போது வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 2002இல் ஹூஸ்ரன் நகர அரும்பொருளகத்திலும், பின்னர் நியூயோர்க்கிலும் அவை சுவர்களில் தொங்கவிடப்பட்டபோது, மக்கள் அவற்றைப் புகழ்பெற்ற ஓவியங்களோடு ஒப்பிட்டார்கள். தாம் தைத்ததைச் சுவரில் கண்டு அந்தத் தாய்மார் பலர் திகைத்தார்கள். கிழிந்து பழசானவற்றை நுளம்பு விரட்ட எரித்தவர்கள் அல்லவா! 2003இல் அவர்கள் தமக்கென ஒரு தையல் அமைப்பை ஆரம்பித்தார்கள். இம்முறை ஒரேமாதிரி தைக்க வேண்டும் என்ற விதி இருக்கவில்லை. 2006இல் அவர்களுடைய பத்துப் போர்வைகளை அமெரிக்கத் தபால் திணைக்களம் முத்திரைகளாக வெளியிட்டது. அதே ஆண்டில், 44 வருடங்களின் பின், மிதவையும் மீண்டும் ஓடத் தொடங்கியது.

மாரி கழிந்ததும் போர்வைகளை எல்லாம் வெளியே எடுத்துக் கொடியிலும் வேலியிலும் காயப்போடுவது அவ்வூர்ப் பழைய வழக்கம். அந்நாட்களில் ஒவ்வொருவரும் தெருவழியே நடந்து மற்றவர் தைத்ததைப் பார்த்துக்கொண்டு போவார்கள். 2022 ஒக்ரோபரில் அந்த வழக்கத்தையே ஒரு விழாவாக்கி, வீடுகளின் முன்னும் தெருவோரத்திலும் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அன்று யாரும் காட்டுக்குள் ஓடவில்லை. தைத்தவர்கள் தத்தம் கொடிகளுக்கு அருகில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார்கள்.