கடலைக் காக்கும் கைக்கடிகாரமா? பில் போடும் முன் கேளுங்கள்

சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனம் 2014-இல், முக்குளிப்பவர்களுக்கான தன் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ வரிசையில் ஒரு வாட்ச்சை 250 மட்டும் செய்து விற்றது. ஒவ்வொன்றுக்கும் 1,000 யூரோ வீதம் 2,50,000 யூரோ கடல் ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் போகும் என்று அப்போதே அறிவித்தது. வாட்ச்சின் விலையில் இது சிறு பங்குதான். ஆனாலும் இந்த அறிவிப்பை மதிக்கிறேன். எத்தனை வாட்ச், ஒன்றுக்கு எவ்வளவு என்பது தெரிந்தால் யாரும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பிற்பாடு அதே நிறுவனம் பிரெஞ்சு பாலினீசியாவின் கொம்பன் சுறாக்களுக்காக 50 வாட்ச் செய்தபோது, பணம் எந்த அமைப்புக்குப் போகிறது என்பதையும் சொன்னது.

எல்லா விளம்பரமும் இப்படி இருப்பதில்லை. ‘வருமானத்தில் ஒரு பகுதி கடலுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால் உஷாராகுங்கள். விற்ற பணத்திலா, லாபத்திலா? லாபத்தில் என்றால் செலவெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது மிகக் குறைவாக இருக்கலாம். மேல்வரம்பு உண்டா? நிறுவனம் ஒரு தொகையை முன்பே முடிவு செய்து கொடுத்துவிட்டிருந்தால், நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடலுக்குப் போவது அதே பணம்தான். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ஓரிஸ் நிறுவனம் 2019-இல் ‘க்ளீன் ஓஷன்’ என்று 2,000 வாட்ச் வெளியிட்டது. திருப்பிப் பார்த்தால் பின்மூடியில், மறுசுழற்சி செய்த பெட் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு சிறு வட்டு பதித்திருக்கும். அழகான அடையாளம், ஆனால் அந்த வட்டால் கடலில் குப்பை குறைந்துவிடாது. வாட்ச்சோடு கைகோத்த அமைப்பு என்ன செய்கிறது என்பதே முக்கியம். இன்னொன்று, கடலிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் வேறு, ‘கடலுக்குப் போகவிருந்த’ பிளாஸ்டிக் வேறு. இரண்டாவது, பெரும்பாலும் கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் நிலத்தில் பொறுக்கிய குப்பை. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விற்கக் கூடாது.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பிடிமானம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில், பொய்யான பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’, ‘பசுமையானது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. விளக்கமும் ஆதாரமும் வேண்டும். விவரத்தை விளம்பரத்திலேயோ, க்யூஆர் குறியீடு அல்லது இணைய முகவரி வழியாகவோ தர வேண்டும். லட்சக்கணக்கில் விலையுள்ள வாட்ச்சுக்கு மட்டுமல்ல, ‘கடலைக் காப்போம்’ என்று அச்சடித்த டி-ஷர்ட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இது பொருந்தும்.

விளம்பரம் பொய் என்று தோன்றினால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் வாசகத்தை மாற்றிவிடுவார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் புகார் தரலாம். தவறான விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. உங்களுக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

வாட்ச்சின் தரமும் உங்கள் உரிமைதான். உண்மையான டைவ் வாட்ச்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்ற தரநிலை உண்டு. குறைந்தது 100 மீட்டர் ஆழத்துக்கு ஏற்றதாகவும், குறித்த அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதித்ததாகவும் இருக்க வேண்டும். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் நாளாக ஆக இறுகிப்போகும். அடிக்கடி கடலில் இறங்குகிறவர் ஆண்டுக்கொரு முறை நீர்ப்புகாமைச் சோதனை செய்துகொள்வது நல்லது. தண்ணீர் புகுந்துவிட்டால் வெளிக்கடையில் மூடியைத் திறக்க விடாதீர்கள். வாரண்டி மறுக்க அது காரணமாகிவிடும். கடை முத்திரையும் தேதியும் உள்ள வாரண்டி கார்டை பில்லோடு சேர்த்து வையுங்கள்.

வெளிநாட்டுக் கடையில் நேரில் வாங்கினால் நம்மூர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு நடத்துவது கடினம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்றவர் குறைந்தது இரண்டு ஆண்டு பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம்; அந்த பில் அங்கே செல்லும். வாட்ச் வாங்குவது நன்கொடை ஆகாது என்பதையும் கவனியுங்கள். கொடுப்பது நிறுவனம்; வரிக்கழிவு ரசீது உங்கள் பெயரில் வராது. கடலுக்குத் தர வேண்டும் என்பதே உங்கள் எண்ணமென்றால், கடலுக்காக வேலை செய்யும் அமைப்புக்கே நேரடியாக அனுப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.