வளைகுடா அராபியர் உண்டி

வளைகுடா நாடுகளுக்குப் பிரயாணஞ் செய்வோர் பலர், ஆங்குள்ள உணவு விடுதிகளில் ஹும்முஸ், ஷவர்மா, ஃபலாஃபெல் முதலியவற்றை உண்டு, அராபிய உணவின் சுவையை முற்றும் அறிந்துவிட்டதாக எண்ணி மீளுகின்றனர். அவை நல்லுணவுகளே, ஆயினும் அவற்றின் பிறப்பிடம் லெபனான், சிரியா, எகிப்து முதலிய தேசங்களாம். குவெய்த் முதல் ஓமான் ஈறாகவுள்ள கரையோர மக்கள் தம் மனைகளில் வழிவழியாகச் சமைத்துண்ணும் உண்டி வேறு. தொழிலின் பொருட்டு அந்நாடுகளில் ஆண்டுக்கணக்காய்த் தங்கும் நம்மவருள்ளுஞ் சிலர், அந்நாட்டார் உண்ணும் ஒரு கவளத்தையேனும் சுவையாது திரும்புதல் இரங்கத்தக்கது. ஆதலின் அவ்வுண்டிகளுட் சிலவற்றை ஈண்டு விளக்கப் புகுந்தாம்.

முதற்கண் அந்நிலத்தின் இயல்பை உணர்தல் வேண்டும். பெரும்பாலும் மழை அரிதாகிய மணல்நிலம் அது. நிலம் தந்தவை பேரீச்சம்பழமும் ஆட்டிறைச்சியும் ஒட்டகப்பாலும்; கடல் தந்தது மீன். அரிசியும் மிளகும் ஏலமும் மஞ்சளும் இந்தியக் கரையினின்று மரக்கலங்களில் ஏறிச் சென்றன. அங்ஙனம் சென்ற அரிசியைக் குவெய்த், பஹ்ரைன் மக்கள் 'ஐஷ்' என்பர். அச்சொல்லின் நேர்பொருள் வாழ்வு என்பதாம். எகிப்தியரோ அதே சொல்லால் ரொட்டியைக் குறிப்பர். தம் மண்ணில் விளையாத தானியத்திற்கு வாழ்வென்று பெயரிட்ட மக்கள், கடலை எத்துணை நம்பியிருந்தனர் என்பது இதனாற் புலனாம். நம் புளிக்கும் அராபியர் இட்ட பெயர் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை.

இவ்வுண்டிகளுள் முதலிடம் பெறத்தக்கது ஹரீஸ் என்போம். இரவெல்லாம் ஊறிய கோதுமையை இறைச்சியோடும் உப்போடும் நீரிலிட்டுப் பல நாழிகை மெல்லென வேகவைத்து, கோதுமை எது, இறைச்சி எது என்று பிரித்தறிய வொண்ணாதபடி மரத்துடுப்பாற் கடைந்து, மேலே நெய் வார்ப்பர். இடித்தல், நசுக்குதல் என்னும் பொருளுடைய வினையினின்றே அப்பெயர் வந்தது. காரமில்லை, நிறமுமில்லை. கண்ணாற் கண்டு, 'இது கோதுமைக் கஞ்சியன்றோ' என்று நம்மவர் ஒதுக்குதல் கூடும். இரண்டு வாய் உண்டபின் அங்ஙனம் கூறார். பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல் வர்ராக் என்பார் பாக்தாதில் தொகுத்த சமையல் நூலிலும் இதன் செய்முறை காணப்படுகின்றது. 2023-ஆம் ஆண்டில் ஐக்கிய அராபிய எமிரேடுகள், ஓமான், சவுதி அராபியா ஆகிய நாடுகளின் பெயரால் யுனெஸ்கோ இதனை மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. ரமலான் மாதத்திலும் திருமணங்களிலும் இதனை மிகுதியாகக் காணலாம்.

மச்பூஸ் என்பது அன்றாட விருந்து. வெங்காயமும் மசாலைகளும் சேர்த்து இறைச்சியையோ மீனையோ வேகவைத்து எடுத்து, அச்சாற்றிலேயே அரிசியைச் சமைப்பர். இதனைப் பிரியாணி என்று கருதுவோர் லூமியை மறந்தவராவர். சிறு எலுமிச்சைகளை உப்புநீரிற் கொதிக்கவைத்து, உள்ளும் புறமும் கறுக்குமளவும் வெயிலில் உலர்த்தியதே லூமி. அதன் புளிப்பில் சிறு கசப்பும் புகைமணம் போன்றதொரு மணமும் கலந்திருக்கும். நம் சமையலில் அதற்கு ஒப்பில்லை.

பஹ்ரைன் தீவில் முஹம்மர் என்னும் இனிப்புச் சோற்றைப் பொரித்த மீனோடு உண்பர். இனிப்பும் மீனும் பொருந்துமோ என ஐயுறற்க, பொருந்தும். முத்துக்குளிப்போர்க்கு உடல்வலி தருவதென்று இதனைப் போற்றினர். ஜப்பானியரின் வளர்ப்பு முத்துப் பரவவே, 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் அத்தொழில் நலிந்தது; சோறு மட்டும் நிலைத்தது. அதற்கு இனிமை தருவது திப்ஸ் என்னும் பேரீச்சம்பாகு. முற்காலத்தில், பழம் நிறைந்த ஓலைப்பைகளை, வாய்க்கால் வெட்டிய தளமுள்ள சிற்றறையில் ஒன்றன்மேலொன்றாக அடுக்குவர்; சுமையாலும் வெம்மையாலும் பாகு தானே கசிந்து குடத்தில் இறங்கும். மத்பஸா எனப்படும் இவ்வறைகளைப் பஹ்ரைன் கோட்டை அகழ்வில் இன்றுங் காணலாம்.

ஓமானியரின் ஷுவா பெருநாட்களுக்கே உரியது. மசாலை பூசிய இறைச்சியை இலைகளாற் சுற்றி, ஓலைப்பையிலிட்டு, தணல் நிறைந்த குழியில் இறக்கி, மூடி, ஒருநாளோ இருநாளோ விட்டுவிடுவர். பல குடும்பங்கள் ஒரே குழியைப் பயன்படுத்துதலின், ஒவ்வொருவரும் தத்தம் பையை அறிய அடையாளமிடுவதுண்டு. இது விடுதியில் விலைக்குப் பெறுவதன்று. ஓமானியர் ஒருவரது நட்பாற் பெறுவது.

காலையில், குங்குமப்பூவும் ஏலமும் இட்ட இனிப்புச் சேமியாவின்மேல் முட்டையடை போர்த்த பலாலீத் உண்டு. புலால் வேண்டாதார்க்கு, எண்ணெயிற் பொரித்துத் திப்ஸ் வார்த்த லுகைமாத் என்னும் மாவுருண்டைகள் போதும். உப்பிட்டு வெயிலிற் புளிக்கவைத்த மீனின் மஹ்யாவாக் குழம்பை மெல்லிய ரொட்டியிற் பூசியும் உண்பர். அதன் மணத்தைத் தாங்குதற்குத் துணிவு வேண்டும்.

இனி, எவ்வீடு புகினும் காப்பியாகிய கஹ்வா வரும். சிறிதே வறுத்த கொட்டையும் ஏலமும் இட்டதாகலின் பொன்னிறமாயிருக்கும், சர்க்கரை இல்லை, பேரீச்சம்பழமே துணை. 2015-ஆம் ஆண்டில் இவ்வுபசாரமும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஊற்றுவோர் 'தல்லா' என்னும் கூசாவை இடக்கையில் ஏந்துவர்; நாம் பிடியில்லாச் சிறு கிண்ணத்தை வலக்கையாற் பெறுதல் வேண்டும். கிண்ணத்தில் அடி நனையுமளவே ஊற்றுவர். நிறைய ஊற்றின், விரைந்து செல்க என்பது பொருளாம். போதுமென எண்ணுவோர் கிண்ணத்தை மெல்ல இருபுறமும் அசைத்துத் திருப்பிக் கொடுப்பர். அசைக்காது நீட்டினால் மறுபடியும் ஊற்றிவிடுவர்.